லூஸா, டைட்டா?

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் தன் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஸ்டீயரிங் ரொம்ப லூஸா இருக்கு சார். ஹைவேல வண்டி அலையுது" என்றார். பின்னாலேயே இறங்கிய அவர் மனைவி சிரித்தார். "லூஸா? நேத்து நான்தான் கடைத்தெருவுல ஓட்டினேன். திருப்பித் திருப்பித் தோள்பட்டையே விட்டுப்போச்சு. டைட்டுனு சொல்லுங்க."

இருவரும் ஓட்டியது ஒரே கார். இருவரில் யாரும் மிகைப்படுத்தவில்லை என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

ஹெரால்டை இளைய வாசகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோத்தி. 1961 முதல் 1971 வரை அதைச் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவுக்கென்றே பிறந்தது. டிரையம்ஃபின் தாய்நாட்டிலேயே அது கிடையாது. 'விண்டேஜ்' என்ற சொல்லை ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் 1919-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட கார்களுக்கு மட்டுமே தருவார்கள். நம் மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த திருத்தம் அவ்வளவு கறார் இல்லை. 50 வயது தாண்டி, மூல உருவம் மாறாமல் இருந்தால் விண்டேஜ்தான். அந்தக் கணக்கில் உருவம் மாறாமல் ஓடுகிற ஹெரால்டு எல்லாமே இன்று விண்டேஜ்.

ஸ்டீயரிங்கைப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து, எல்லா மூட்டுகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

என்னென்ன மூட்டுகள்? கையில் இருக்கும் வளையத்திலிருந்து தார்ச்சாலை வரை எண்ணிப் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டு, அதன் அடியில் ஒரு ரப்பர் கப்ளிங், பிறகு பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது சுற்ற, ரேக் என்ற பல் வெட்டிய நீளக் கம்பி இடமும் வலமும் நகரும். ரேக்கின் இரு முனையிலும் டை ராடு, டை ராடு எண்ட், ஸ்டீயரிங் ஆர்ம். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்துத் தண்டுக்கு மேலே ஒரு பால் ஜாயிண்ட், கீழே டிரனியன் என்ற திருகு மூட்டு. அப்புறம் ஹப், பேரிங், ரிம், டயர். ரேக்கைச் சேஸிஸோடு பிடித்து வைத்திருப்பதும் நேரடி இரும்பு அல்ல. யு வடிவ போல்ட்டுக்குள் பொதிந்த ரப்பர். ஒவ்வொரு இடத்திலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், எல்லாம் சேர்ந்து கடைசியில் ஓட்டுநரின் கையில் வந்து நிற்கும்.

அந்தத் தளர்வு எவ்வளவு ஆபத்து? வளையத்தின் விளிம்பில் 2.5 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை விரல் அகலம், சும்மா ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அது சுமார் 7 டிகிரி. வளையம் 15 டிகிரி சுற்றினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும் என்ற விகிதத்தில், சக்கரத்தில் அது அரை டிகிரி. அரை டிகிரிதானே என்று தோன்றும். ஹெரால்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.3 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்றால், ஒரே நொடியில் கார் தன் கோட்டிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் விலகிவிடும். எதிரே லாரி வரும் இருவழிச் சாலையில் அரை மீட்டர் என்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் லூஸ் என்றதும் எல்லோரும் பதறிப்போய் இறுக்கத் தொடங்குகிறார்கள். நண்பரின் காரிலும் அதுதான் நடந்திருந்தது. ஒரு பட்டறையில் ரேக்கைத் திறந்து, ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் குறைத்து இறுக்கியிருக்கிறார்கள். லூஸ் போகவில்லை. கனம் மட்டும் கூடிவிட்டது. இது தெரிந்தே செய்யும் தவறு அல்ல, ஆனால் தவறுதான். நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம்? ரேக்கின் பற்கள் நடுவில் மட்டும் அதிகம் தேயும், ஓரங்கள் புதுசு போல இருக்கும். நடுவில் ஆட்டம் போகுமளவு இறுக்கினால் ஓரத்தில் கவ்விக்கொள்ளும்.

நான் முதலில் பானட்டைத் திறக்கவில்லை. டயரைத் தடவினேன். பழைய காரில் ஸ்டீயரிங் புகார் என்று வந்தால், பாதிக்குமேல் ஸ்டீயரிங்கே குற்றவாளி அல்ல என்பது என் அனுபவம். செய்தி கொண்டுவந்தவனை அடிக்கிற கதையாக நாம் ஸ்டீயரிங்கைப் பிரித்துக்கொண்டிருப்போம். ஆகவே தரையிலிருந்து மேலே வருவது நல்லது. டயரின் குறுக்கே உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம்போலக் கீறலாகவும் இருந்தால் இரண்டு சக்கரமும் இணையாக இல்லை, டோ-இன் கெட்டிருக்கிறது. ஒரே ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஏதோ மூட்டு தளர்ந்தோ, ஷாக் அப்சார்பர் செத்தோ சக்கரம் துள்ளிக்கொண்டு ஓடுகிறது.

விண்டேஜ் கார்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. வருடத்துக்கு 500 கிலோமீட்டர்கூட ஓடாத டயரில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3509 என்றால் 2009-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. நண்பரின் காரில் முன் டயர் இரண்டும் பதினைந்து வயது தாண்டியவை. அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அன்றைய புகாருக்கு அவை காரணம் இல்லை. கிழட்டு டயர் பிடியைக் குறைக்கும், ஸ்டீயரிங்கை இப்படிக் கனமாக்காது. காற்றும் சரியாகவே இருந்தது.

அடுத்து, சக்கரங்கள் தரையிலேயே இருக்க, நண்பரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டச் சொன்னேன். எஞ்சின் ஓடக் கூடாது. நான் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துக்கொண்டே போனேன். இது கண் வேலையைவிட விரல் வேலை. மூட்டின் இரு பக்கத்தையும் ஒரே கையின் விரல்களால் பிடித்தால், ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடத்தில் 'டொக்' என்று விரலில் தட்டும். டை ராடு எண்ட் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் ரேக்! ரேக்கின் உள்கம்பி நகர வேண்டிய நேரத்தில் அதன் வெளிக்கூடே மொத்தமாக இடமும் வலமும் நகர்ந்தது, பக்கத்துக்கு நாலு மில்லிமீட்டராவது இருக்கும். மேலே எஞ்சினிலிருந்து வருடக்கணக்கில் சொட்டிய எண்ணெயில் ரப்பர் ஊறி, பழைய அல்வா மாதிரி ஆகியிருந்தது.

"அப்ப ரப்பர் மாத்தினா சரியாயிடுமா சார்?"

ஆகும் என்று சொல்லிவிட்டிருக்கலாம். பலர் அங்கேயே நிறுத்துவார்கள். அப்படியானால் அவர் மனைவியின் தோள்வலிக்கு யார் பதில் சொல்வது? ரப்பர் இளகினால் ஸ்டீயரிங் கனக்காது. முதல் காரணம் கிடைத்ததும் நின்றுவிடுவதுதான் பழுது பார்ப்பதில் பெரிய பொறி. கிடைத்த காரணம் எல்லாப் புகாருக்கும் பதில் சொல்கிறதா என்று கேட்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் அறிவியல் பேச வேண்டும். சைக்கிளில் இரு கையையும் விட்டு ஓட்டியிருப்பீர்கள். முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால், ஃபோர்க்கின் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். டயர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருவதால், விலகினாலும் நேராக்கிக்கொள்ளும். இந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். கார் சக்கரம் திரும்பும் அச்சும் இப்படித்தான் பின்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே நடுவுக்கு ஓடிவருவதற்குப் பெரும் காரணம் இந்தச் சாய்வுதான். ஓடிவராவிட்டால் இரண்டில் ஒன்று: சாய்வு குறைந்திருக்க வேண்டும், அல்லது திரும்பிவரும் விசையை உராய்வு எங்கோ தின்றுகொண்டிருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தேன். தெருமுனையில் திரும்பிக் கையை விட்டால், ஸ்டீயரிங் திருப்பிய இடத்திலேயே முறைத்துக்கொண்டு நின்றது.

உராய்வு எங்கே என்று கண்டுபிடிக்க அத்தனை மூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. பாதியில் வெட்டினால் போதும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டை ராடு எண்டுகளை ஸ்டீயரிங் ஆர்மிலிருந்து விடுவித்தோம். இப்போது கார் இரண்டு பாதி. ரேக் பக்கத்து ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்த்தால் நடுவில் சுளுவாகவும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கவ்வியபடியும் சுற்றியது. அது பட்டறை இறுக்கியதன் விளைவு. பிறகு சக்கரங்களைக் கையாலேயே திருப்பினேன். வலது சக்கரம் ஒரு விரலுக்குத் திரும்பியது. இடது சக்கரத்துக்கு இரண்டு கையும் முழங்காலும் வேண்டியிருந்தது.

குற்றவாளி டிரனியன். இதன் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது செம்புக் கலவையில் செய்த ஒரு கூட்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஜாடிக்குள் மூடி சுற்றுவதுபோல அந்தத் தண்டு கூட்டுக்குள் சுற்றும். மலிவான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை: அதற்கு விட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய். டிஃபரென்ஷியலுக்கு ஊற்றுகிற அதே 90 எண் எண்ணெய். எண்ணெய் மரையின் பள்ளங்களில் வழிந்து இறங்கி, கீழே கூட்டில் தேங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே பரவும். கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் ஒதுங்கினதுதான், காலப்போக்கில் சோப்புக்கட்டி மாதிரி உறைந்துவிடும். அந்த இடைவெளியில் மழைத்தண்ணீர் நுழையும்.

ஆனால் அந்த இடத்தில் நிப்பிளைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கின் கையும் தானாகக் கிரீஸ் கன்னைத் தேடும். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நிப்பிள் என்றால் கிரீஸ் என்பது அம்பாசிடரிலிருந்து லாரி வரை அவர் கற்ற பாடம். நண்பரின் காருக்கும் வருடா வருடம் பக்தியோடு கிரீஸ் ஏற்றியிருக்கிறார்கள். இடது டிரனியனைக் கழற்றியபோது உள்ளே இருந்தது பழுப்புக் களிம்பும் துருப்பொடியும்.

கனமாவதோடு இது நிற்பதில்லை. மரையின் பள்ளத்தில் துரு அரித்தால் அங்கே நுண்ணிய விரிசலுக்கு வழி பிறக்கும். காரின் முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும் தண்டில், ஒவ்வொரு குண்டு குழியிலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். உலோகக் களைப்பு என்று இதைச் சொல்வார்கள். ஒரு நாள், பெரும்பாலும் மெதுவாக வளைந்து திரும்புகிற நேரத்தில், தண்டு முறிந்து சக்கரம் காருக்கடியில் மடங்கிவிடும். டிரையம்ஃப் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அறிந்த பழைய கதை இது.

சரி, இது கனத்துக்குக் காரணம். லூஸுக்கு ரப்பர் காரணம். இரண்டு தனித்தனி நோயா? எனக்கு அன்று கிடைத்த சுவாரசியமே இதில்தான். பழைய ரப்பரை வேண்டுமென்றே மாற்றாமல், டிரனியனை மட்டும் புதிதாகப் போட்டு எண்ணெய் ஏற்றி மாட்டினோம். நண்பர் மறுபடி ஸ்டீயரிங்கை ஆட்டினார். தளர்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது! ரப்பரைத் தொடவே இல்லை.

அம்மிக்கல்லில் ரப்பர் கயிற்றைக் கட்டி இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கல் நகராது, கயிறுதான் நீளும். கல் எவ்வளவு கனமோ அவ்வளவு அதிகம் நீளும். பிறகு திடீரென்று கல் ஒரு குதி குதித்து வரும். சக்கரம் திரும்ப மறுத்தபோது ரேக்குக்குப் போக்கிடம் அந்த ரப்பர்தான். கை கொடுத்த அசைவையெல்லாம் ரப்பர் விழுங்கிக்கொண்டது, சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. நண்பர் நெடுஞ்சாலையில் செய்த சின்னச் சின்னத் திருத்தங்கள் ரப்பருக்குள்ளேயே முடிந்துபோயின. அவருக்கு அது லூஸ். அவர் மனைவி கடைத்தெருவில் முழுதாகத் திருப்பினார்; ரப்பர் நசுங்கி முடிந்த பிறகு டிரனியனோடு மல்லுக்கட்டினார்; அவருக்கு அது டைட். இறுகிய மூட்டு ஒன்று வேறொரு இடத்தில் தளர்வாக வேஷம் போட்டிருக்கிறது. ஆட்டம் தெரிகிற இடத்தை மட்டும் இறுக்கினால் நோய் எங்கே போகும்?

எல்லாப் புகாரும் இப்படிச் சுற்றி வளைப்பதில்லை. நடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் நின்றுவிடுகிறதா? முதலில் வீல் பேலன்ஸ் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரம் நொடிக்கு 12 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட மூன்று கிலோ எடைக்குச் சமமான விசையோடு நொடிக்கு 12 முறை இழுக்கும். 40 கிலோமீட்டரில் அது கால்பங்குதான், அதனால் ஊருக்குள் தெரியாது.

ஒரு பள்ளத்தில் இறங்கியதும் தொடங்கி, பிரேக் போட்டால்தான் நிற்கும் வெறித்தனமான ஆட்டம் வேறு சாதி. இதற்கு ஷிம்மி என்று பெயர். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம் படபடவென்று ஆடுவது இதே நோய்தான். 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்கள் வந்தபோது கார்களில் இது தலைவிரித்தாடியது. 1925-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் ப்ரூலியே இதை ஆராயப்போய், பக்கவிசை வந்தால் டயர் தான் பார்க்கும் திசையில் உருளாமல் ஒரு சிறு கோணம் விலகி உருள்கிறது என்று கண்டார். டயர் அறிவியலின் பெரும்பகுதி அந்த ஒரு கவனிப்பின் மேல் எழுந்தது. ஷிம்மி வந்தால் டயரை மட்டும் சந்தேகிக்காதீர்கள். ஆட்டத்துக்குத் தீனி போடுவது தளர்ந்த மூட்டு.

ஒரு பக்கம் இழுத்தால்? முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர், மாறாவிட்டால் வேறெங்கோ. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பக்கப் பிரேக்கையும் தொடாமல் கிட்டே கை காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங்கா மூட்டா என்ற குழப்பம் வரும். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்டோ டிரனியனோ. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்சக்கரமும் ஸ்டீயரிங் பிடிக்கும் என்றால் நம்புவீர்களா? தேர்த்திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். தேருக்குத் திரும்பும் அச்சே கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துத்தான் திசை மாற்றுவார்கள். எந்தச் சக்கரம் கோணலாக உருண்டாலும் வண்டி திசை மாறும். ஹெரால்டின் பின்பக்கம் குறுக்கே ஒரே இலைச்சுருளில் தொங்குகிறது, இரு அச்சும் தனித்தனியே மடங்கும். அச்சை நிலைநிறுத்தும் ரேடியஸ் ஆர்ம் புஷ் தேய்ந்தால் பின்சக்கரம் மெல்லக் கோணிக்கொள்ளும். ஓட்டுநருக்கோ முன்னால்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

இதைப் பிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், கொத்தனாரின் நூல் போதும். காரின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் இணையாக நூல் கட்டி, ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் தூரம் அளக்க வேண்டும். அளந்தபின் சக்கரம் அரைச்சுற்று சுற்றும் அளவு காரை உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ரிம்மே கோணலாக இருந்தால் அந்தப் பிழை இதில் அடிபட்டுப்போகும். முன்சக்கரங்கள் முன்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நெருங்கியிருந்தால் சரி. மூட்டுகளை மாற்றும் முன் அலைன்மென்ட் செய்யக் கொடுப்பது வீண் செலவு. ஆடுகிற பல்லுக்கு அளவெடுப்பது மாதிரிதான்.

நண்பரின் காருக்கு இரண்டு பக்க டிரனியனும், செங்குத்துத் தண்டுகளும், ரேக் ரப்பரும் மாற்றினோம். பட்டறை குறைத்த ஷிம் தகட்டைத் திரும்பப் போட்டோம். டயர்கள் அடுத்த மாதம் வந்தன. முனையில் திரும்பிக் கையை விட்டால் ஸ்டீயரிங் இப்போது தானே ஓடிவருகிறது. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பும் கார் அது, லண்டன் டாக்ஸிக்கு நிகர். அவர் மனைவி தெருவுக்குள்ளேயே ஒரே மூச்சில் திருப்பி ஓட்டிக்காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

உங்கள் வீட்டில் ஹெரால்டோ அதன் வாரிசான கெஸலோ நின்றால், வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்பு கட்டாயம் ஒரு முறை, முன்சக்கரங்களின் பாரத்தை இறக்கி டிரனியனில் கியர் எண்ணெய் ஏற்றுங்கள். மேலே ரப்பர் சீலில் புது எண்ணெய் கசியும்வரை ஏற்ற வேண்டும். ஏற்கெனவே கிரீஸ் ஏற்றியிருந்தால் கழற்றி மரையைப் பாருங்கள். துரு அரித்த தண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்பப் போடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இரண்டு ஸ்டாண்டு வாங்கி வையுங்கள்.